"சரியோ ரீச்சர்?" என்று வரிசையில் நிற்கும் பிள்ளைகள்: பொறுப்பை எப்படிக் கைமாற்றுவது

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் தரம் 3 வகுப்பாசிரியராக இருக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் 34 பிள்ளைகள். "நான் செய்து காட்டும்போது எல்லாருக்கும் விளங்குகிறது. தனியாகச் செய்யச் சொன்னால் பாதி வகுப்பு என் மேசையைச் சுற்றி நிற்கிறது. குழுவாக விட்டால் சந்தை இரைச்சல். பொறுப்பைப் படிப்படியாகப் பிள்ளைகளிடம் விடுங்கள் என்று செயலமர்வில் சொல்கிறார்கள். அந்தப் படிகள் எவை, எப்போது அடுத்ததில் கால் வைப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை."

நான் 31 வருடம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்தவள். கடைசிச் சில வருடங்கள் சேவைக்கால ஆலோசகராக மற்றவர்களின் வகுப்புகளில் பின்வாங்கில் இருந்து பார்த்தேன். பின்வாங்கில் இருந்து கற்றதுதான் அதிகம்.

தங்கச்சி, உங்கள் கேள்வியில் மேசையைச் சுற்றி நிற்பதைப் பற்றிய வரியைத்தான் முதலில் பிடித்துக்கொண்டேன். நாளைக்கு அந்தப் பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். "எப்பிடிச் செய்யிறது?" என்று கேட்பவர்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். மற்றவர்கள் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். கொப்பியை நீட்டி, "சரியோ ரீச்சர்?" என்று கேட்பார்கள். நீங்கள் "ஓம்" என்றதும் போய் இரண்டாவது கணக்கைச் செய்துவிட்டுத் திரும்பவும் வந்து நிற்பார்கள். வேலையை நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள். சரியா பிழையா என்று தீர்க்கும் பொறுப்பு மட்டும் உங்கள் மேசையிலேயே கிடக்கிறது. வரிசை அதற்காகத்தான்.

நம் வகுப்புகளில் நான் கண்ட பெரிய குறை இதுதான். எழுதுகிற வேலையைத் தரம் 1லேயே பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறோம். தீர்மானிக்கிற வேலையைத் தரம் 5 முடிந்த பிறகும் கொடுப்பதில்லை.

இந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொன்னால் படிகள் தெளிவாகும். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் டொலோரஸ் டேர்கின் என்ற ஆய்வாளர் நான்காம் தர வாசிப்புப் பாடங்களில் போய் இருந்து, என்ன நடக்கிறது என்று நிமிடக் கணக்கில் குறித்தார். மொத்தம் 4,469 நிமிடங்கள். ஒரு பந்தியை எப்படி விளங்கிக்கொள்வது என்று ஆசிரியர்கள் உண்மையில் கற்பித்தது அதில் 20 நிமிடங்கள்தான். மிச்ச நேரத்தில் கேள்வி கேட்டார்கள், பயிற்சித்தாள் கொடுத்தார்கள், திருத்தினார்கள். விளங்கியதா என்று சோதிப்பதையே கற்பிப்பது என்று நினைத்திருந்தார்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வகுப்பில் கட்டுக்கட்டாக மாதிரி வினாத்தாள் கொடுக்கிற நமக்கு இது புதினமான செய்தியா என்ன!

1983இல் பியர்சன், கலகர் என்ற இருவர் வாசிப்புக் கற்பித்தலைப் பற்றி எழுதியபோதுதான் பொறுப்பைக் கைமாற்றும் படம் வந்தது. ஒரு முனையில் முழுப் பொறுப்பும் ஆசிரியரிடம்: செய்துகாட்டுதல், விளக்குதல். மறுமுனையில் முழுவதும் மாணவரிடம்: பயிற்சி, பிரயோகம். நடுவில் இருவரும் பங்குபோட்டுக்கொள்ளும் ஓர் அகலமான பகுதி. பின்னால் வந்த ஃபிஷர், ஃப்ரே இருவரும், பிள்ளைகள் தங்களுக்குள் சேர்ந்து செய்யும் கட்டத்தையும் தனியாக வலியுறுத்தினார்கள். செயலமர்வில் உங்களுக்கு "நான் செய்கிறேன், நாம் செய்கிறோம், நீங்கள் சேர்ந்து செய்யுங்கள், நீ தனியாகச் செய்" என்று நாலு வரியாகச் சொல்லியிருப்பார்கள்.

அந்த நாலில் நம்மிடம் இல்லாமல் போவது "நாம்". யாழ்ப்பாணப் பேச்சில் எல்லாவற்றுக்கும் "நாங்கள்" என்றுதான் சொல்லிப் பழக்கம். இலக்கணத்தில் "நாங்கள்" என்றால் முன்னால் நிற்பவர் அதில் இல்லை. "நாம்" என்றால்தான் அவரும் சேர்த்தி. கரும்பலகையில் நின்று "இப்ப நாங்கள் இந்தக் கணக்கைச் செய்வம்" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் தானே செய்து முடிப்பதை எத்தனையோ வகுப்பில் பார்த்தேன். பிள்ளைகள் கோரசாக "ஓம்" சொல்வார்கள். அது இலக்கண சுத்தமான "நாங்கள்" தான். பிள்ளை அதற்குள் இல்லை.

சாரம் கட்டுதல் என்ற சொல்லும் உங்கள் காதில் விழுந்திருக்கும். (சாரம் என்றதும் நம் ஊரில் உடுக்கிற சாரம்தான் ஞாபகம் வரும். இது மேசன்மார் சுவரோடு கட்டுகிற சாரம். பிள்ளைக்குத் தேவையான அளவு உதவி கொடுத்து, பழகியதும் அதைக் கழற்றிவிடுவது.) ரஷ்ய உளவியலாளர் வைகொட்ஸ்கியின் சொல் என்று பலர் சொல்வார்கள். அவர் 1934இலேயே இறந்துவிட்டார். அந்தச் சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. 1976இல் வூட், புரூனர், ரொஸ் என்ற மூவர், மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் மரக்கட்டைகளை அடுக்கிப் பிரமிட் செய்ய ஒருவர் எப்படி உதவுகிறார் என்று ஆராய்ந்து எழுதினார்கள். சொல் அங்கிருந்து பரவியது. அந்த மூவரில் வூட் பிற்பாடு சொன்ன விதியை நான் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருந்தேன்: பிள்ளை தடுக்கினால் உடனே உதவியைக் கொஞ்சம் கூட்டு, சரியாகச் செய்தால் உடனே கொஞ்சம் குறை. நாம் செய்வது பெரும்பாலும் எதிர்மாறு. தடுக்கினால் ஏசிவிட்டு விடுகிறோம். சரியாகச் செய்கிற பிள்ளையின் பக்கத்தில் போய் நின்று தொடர்ந்து சொல்லிக்கொடுக்கிறோம்.

எனக்கு இது முதலில் புரிந்தது புத்தகத்தில் அல்ல, அப்பாச்சியிடம். அவ பனையோலைப் பெட்டி இழைக்கும்போது என்னைப் பக்கத்தில் இருத்துவா. தொடக்கத்தை என்னிடம் தரவே மாட்டா. அடி பிழைத்தால் பெட்டி முழுக்கக் கோணும். முடிப்பையும் தரமாட்டா. நடுவில் ஓலை ஒரே மாதிரி ஏறி இறங்கி ஓடும் இடம் வந்ததும் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவா. பிழையாகப் போட்டால் வந்து ஏசமாட்டா; "எதில இருந்து கோணுது எண்டு பார்" என்பா. நானே தேடி அவிழ்க்க வேண்டும். அடுத்த வருடம் விளிம்பு மடிக்கத் தந்தா. தொடக்கம் கைக்கு வர எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

அதில் இரண்டு விஷயம் இருக்கிறது. பொறுப்பைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை வரிசையாகக் கொடுக்க வேண்டியதில்லை, எது இலேசோ அதை முதலில் கொடுக்கலாம். அப்புறம், பிழை எங்கே என்று தேடும் வேலையை அவ முதல் நாளிலேயே தந்துவிட்டா.

இனி வகுப்புக்கு வருவோம். தரம் 3 கழித்தலை எடுக்கிறேன், உங்களுக்கு உடனே உதவும். 52இலிருந்து 27. பிள்ளைகள் வழக்கமாக விடும் பிழை 35. ஏழிலிருந்து இரண்டு போக ஐந்து, ஐந்திலிருந்து இரண்டு போக மூன்று. பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிடுவார்கள்.

முதல் நாள் நீங்கள் செய்யுங்கள். பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குக் கட்டு ஐந்து, தனி ஈர்க்கு இரண்டு. முக்கியம், செய்வதோடு நிற்காமல் மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "என்னட்ட தனியா இரண்டுதான் கிடக்கு. ஏழு எடுக்கோணும். ஏலாது. என்ன செய்யலாம்? ஒரு கட்டை அவிழ்த்தால் பன்னிரண்டு வரும். சரி, அவிழ்க்கிறன்." விளக்கம் சொல்வதும் இதுவும் ஒன்றல்ல. விளக்கம் முடிந்த வேலையைப் பற்றியது. இது நடந்துகொண்டிருக்கும் தயக்கத்தைக் காட்டுவது. ரீச்சருக்கும் தயக்கம் வரும் என்பதே பல பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி.

விடை 25 வந்ததும் நிறுத்த வேண்டாம். "சரியோ? ஆரிட்டக் கேக்கிறது? ஒருத்தரிட்டயும் கேக்கத் தேவையில்லை. 25ஓட 27ஐக் கூட்டிப் பாக்கிறன். 52. அப்ப சரி." இந்தக் கடைசி மூன்று வசனம் இல்லாமல் அந்தப் பாடத்தை ஒரு நாளும் முடிக்காதீர்கள். அதே கணக்கை இன்னொரு முறை செய்யும்போது வேண்டுமென்றே 35 என்று எழுதிவிட்டு, 27ஐக் கூட்டிப் பார்த்து, 62 வருகிறதே என்று திகைத்து நில்லுங்கள். வகுப்பே சிரிக்கும். சிரிக்கட்டும். எங்கே கோணியது என்று தேடுவதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

அடுத்தது "நாம்". இங்கேதான் அதிக நாள் செலவழியுங்கள். ஒரு கணக்குக்குள் பல தீர்மானங்கள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக விடுங்கள். முதல் நாலைந்து கணக்கில் பிள்ளைகள் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: கட்டை அவிழ்க்க வேண்டுமா, வேண்டாமா? மற்றதெல்லாம் நீங்கள் செய்யுங்கள். இதற்கு 58இலிருந்து 23 போன்ற அவிழ்க்கத் தேவையில்லாத கணக்குகளையும் கலந்து போட வேண்டும். பயிற்சித்தாள்களில் ஒரு பக்கம் முழுக்க அவிழ்க்கும் கணக்காகவே இருக்கும். பிள்ளை யோசிக்காமல் எல்லாவற்றையும் அவிழ்த்துக்கொண்டு போகும். வடிவாக எல்லாம் சரி வரும். பரீட்சைத்தாளில் கலந்து வந்ததும் விழும். அந்தப் பக்கத்தில் கணக்குச் செய்ததே தவிர, பிள்ளை எதையும் தீர்மானிக்கவில்லை.

பிறகு, அவிழ்த்தபின் எத்தனை கட்டு மிச்சம் என்று அவர்கள் சொல்லட்டும். பிறகு சரிபார்ப்பதை அவர்கள் செய்யட்டும். கடைசியில் நீங்கள் சோக்கை மட்டும் பிடித்துக்கொண்டு, அவர்கள் சொல்கிறபடி எழுதுங்கள், பிழையாகச் சொன்னாலும் எழுதுங்கள்.

கேள்வி கேட்டபின் வாயை மூடிக்கொண்டிருப்பது இந்தக் கட்டத்தில் பெரிய வித்தை. 1970களில் மேரி பட் ரோ என்பவர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டு ஏறத்தாழ ஒரு வினாடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். மூன்று வினாடி பொறுத்தால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். மூன்று வினாடி ஒன்றும் பெரிய நேரமில்லை என்று தோன்றும். வகுப்பில் நின்று பாருங்கள், மூன்று நிமிடம் போல இருக்கும். நான் முதுகுக்குப் பின்னால் விரல் மடித்து எண்ணிப் பழகினேன்.

எப்போது கையை எடுப்பது என்று கேட்டீர்கள். "விளங்கினதோ?" என்று கேட்டு, "ஓம் ரீச்சர்" என்ற பதிலை வைத்து ஒருபோதும் முடிவெடுக்காதீர்கள். அந்த "ஓம்" மரியாதைக்குச் சொல்வது. எல்லாப் பிள்ளையின் விடையையும் ஒரே பார்வையில் பார்க்க ஒரு வழி வேண்டும். சிலேற்று இருந்த காலத்தில் அது இலேசு. இப்போது நான் சொல்வது, ஒரு வெள்ளைத் தாளைத் தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வெண்பலகைப் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். பழைய துணித்துண்டு அழிக்க. "காட்டுங்கோ" என்றதும் 34ம் உயரும். 27 அளவில் சரியாக இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

27 என்பது என் வாய்க்கு வந்த எண் அல்ல. ரோசன்ஷைன் என்ற ஆய்வாளர் தொகுத்தவற்றில் நான்காம் தரக் கணித வகுப்புகள் பற்றிய ஒன்று உண்டு. நன்றாகக் கற்பித்த ஆசிரியர்களின் வகுப்பில் பிள்ளைகளின் பதில்களில் 82 சதவீதம் சரி. அவ்வளவு வெற்றி பெறாதவர்களின் வகுப்பில் 73. ஐந்தில் நாலு என்று மனதில் வையுங்கள். அதற்குக் குறைந்த நிலையில் தனியாக விட்டால் அவர்கள் பிழையைத்தான் பயிற்சி செய்வார்கள். எல்லோரும் சரியாகும்வரை காத்திருந்தால் விளங்கிய பிள்ளைகள் குழப்படி செய்யத் தொடங்குவார்கள். அது அவர்களின் குற்றமும் அல்ல. மிச்சம் ஏழு பேரை முன் பாயில் உங்களோடு இருத்தி, ஈர்க்குக் கட்டோடு "நாம்" கட்டத்தைத் தொடருங்கள். மற்ற 27 பேரும் தங்கள் பாட்டில் செய்யட்டும்.

இந்தக் கழித்தல் எனக்கு வழக்கமாக நாலைந்து நாள் எடுத்தது. ஒரே பாடவேளைக்குள் நாலு படியும் ஏறி முடிந்தது என்று பாடக்குறிப்பில் எழுதுவதைக் கண்டிருக்கிறேன். கடதாசியில்தான் அது நடக்கும்.

கட்டுரைக்கு இன்னும் அதிக நாள், இரண்டு மூன்று கிழமை. கட்டுரையில் நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ரீச்சர் பலகையில் எழுதுவா, பிள்ளைகள் பார்த்தெழுதிப் பாடமாக்குவார்கள். ஒரு தவணைப் பரீட்சையில் "நான் வளர்க்கும் பிராணி" என்று வந்த கட்டுரைகளைத் திருத்தினேன். வகுப்பில் அத்தனை வீட்டிலும் பசு. அத்தனை பசுவுக்கும் பெயர் இலட்சுமி. அதில் ஒரு பிள்ளையின் வீடு எனக்குத் தெரியும். கோழி நிற்கக்கூட இடமில்லாத வளவு.

நல்லூர்த் திருவிழா முடிந்த கிழமையில் இதைச் செய்து பாருங்கள். இருபத்தைந்து நாள் திருவிழா, சொல்ல ஏதும் இல்லாத பிள்ளை இராது. முதல் நாள் நீங்கள் அவர்கள் முன்னால் உங்கள் சொந்தக் கட்டுரையை எழுதுங்கள். வீட்டில் எழுதிக்கொண்டுவந்து பலகையில் இறக்க வேண்டாம், அங்கேயே யோசித்து எழுதுங்கள். "நல்லூர் யாழ்ப்பாணத்தில் உள்ளது... இது எல்லாருக்கும் தெரியும்தானே, வேண்டாம்." அழியுங்கள். "கச்சான் கடையில் அம்மாவைத் தவறவிட்டேன்... ஆ, இதிலிருந்து தொடங்கினால் என்ன?" முதல் வசனத்தைத் தேர்ந்தெடுப்பதும் வேண்டாததை விடுவதும்தான் எழுத்து என்று அவர்கள் அங்கே காண்பார்கள். எங்கள் சின்ன வயதில் ஒருவரும் அதைக் காட்டவில்லை. எழுத்து என்பது ரீச்சரின் மணிக்கட்டிலிருந்து பிழையில்லாமல் ஒழுகும் என்றுதான் நினைத்திருந்தோம்.

இரண்டாம் நாள் வகுப்பாகச் சேர்ந்து ஒரு கட்டுரை. வசனம் அவர்களுடையது, சோக் உங்களுடையது. இரண்டு பேர் இரண்டு வசனம் சொன்னால் எது நல்லது என்று வகுப்புத் தீர்க்கட்டும். உங்களுக்குப் பிடித்ததற்கு முகத்தில் சிரிப்புக் காட்டாதீர்கள், உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு சோடியாக. பிறகு தனியாக, முதலில் தொடக்க வசனம் மட்டும், இன்னொரு நாள் நடுப்பகுதி. எழுத்துப்பிழை திருத்துவதை இந்த நாட்களில் கொஞ்சம் ஒத்தி வையுங்கள். றகர ரகரத்தில் மூழ்கினால் பிள்ளை தனக்கு எழுத வருகிற சொல்லை மட்டும் எழுதும். இலட்சுமி திரும்ப வந்துவிடுவாள்.

குழுவேலை பற்றி. சந்தை இரைச்சல் என்றீர்கள். எனக்கும் அதுதான் நடந்தது. ஒரு செயலமர்வு முடிந்து வந்த உற்சாகத்தில் மறுநாளே ஆறு குழு, ஆறு பெரிய தாள், ஆறு பெட்டி பெல்ற் பேனா. நாற்பது நிமிடம் கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு குழுவிலும் ஒரு பிள்ளை எழுதுகிறது, ஒன்று பூ கீறுகிறது, மிச்சம் பென்சில் கூராக்குகிறது. நான் "நான்" படியிலிருந்து நேரே "நீங்கள்" படிக்குப் பாய்ந்திருந்தேன். ஒருமுறைகூட வகுப்பாகச் சேர்ந்து செய்யாத வேலையைக் குழுவாகச் செய்யச் சொன்னது என் பிழை. இன்னொன்று, குழுவுக்கு ஒரு தாள் கொடுத்தால் ஒரு பிள்ளைதான் வேலை செய்யும். கதை குழுவாக, எழுத்து அவரவர் கொப்பியில் என்று மாற்றியபின் பாதிப் பிரச்சினை போனது. ஆறு பேரை விட இரண்டு பேர் நல்லது. தரம் 3க்கு சோடிதான் குழு.

வாசிப்புக்கு ஒரு முறை உண்டு. 1984இல் பலின்சார், பிரவுண் இருவரும் எழுதியது. பிள்ளைகள் மாறி மாறி ஆசிரியராக இருந்து, வாசித்த பந்தியைச் சுருக்கிச் சொல்வார்கள், கேள்வி கேட்பார்கள், விளங்காத இடத்தைத் தெளிவாக்குவார்கள், அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பார்கள். அது ஏழாம் தரப் பிள்ளைகளுக்குச் செய்தது. நாலையும் ஒன்றாகத் தரம் 3இல் இறக்க வேண்டாம். ஊகித்தல் ஒரு மாதம், கேள்வி கேட்டல் ஒரு மாதம் என்று போங்கள்.

"எங்கட திண்ணைப் பள்ளிக்கூடத்திலேயே சட்டாம்பிள்ளை இருந்தவர்தானே, இது என்ன புதிசு?" என்று மூத்த ஆசிரியர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. 1790களில் சென்னையில் ஓர் அநாதைப் பிள்ளைகள் பாடசாலையை நடத்திய அன்ட்ரூ பெல், மணலில் விரலால் எழுதிப் படிக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளைப் பார்த்து, பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். ஆனால் சட்டாம்பிள்ளைக்குக் கிடைத்தது என்ன என்று நான் நேரில் கண்டிருக்கிறேன். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு தென்மராட்சியில் ஒரு மாமர நிழலில் மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக வைத்திருந்தேன். பலகை இல்லை, கொப்பி இல்லை. பெரிய பிள்ளைகள் நாலு பேரிடம் சின்னதுகளைப் பிரித்துக் கொடுத்தேன். இரண்டாம் நாள் கேட்டால், நாலு பேரும் என் குரலில் ஏசுகிறார்கள். "கையை நீட்டு" என்பதுகூட அப்படியே என்னுடையது. நான் கொடுத்தது அதிகாரம். அதை அச்சொட்டாகப் பெற்றுக்கொண்டார்கள். ஒரு பிள்ளை ரீச்சராகி, மற்றப் பிள்ளைகள் பழையபடி "சரியோ அக்கா?" என்று நின்றால் பொறுப்பு கைமாறவில்லை, மேசைதான் மாறியது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் எடுத்தது. வெட்கப்படவும்தான்.

சரி, அந்த வரிசைக்கு மருந்து. நான் கடைப்பிடித்தது ஒரு சின்னப் புள்ளி. கொப்பியைக் கொண்டுவரும் முன் பிள்ளை தன் வேலையைத் திரும்பப் பார்த்து, தனக்குச் சந்தேகமான இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி உள்ள இடத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன்; "சரியோ?" என்று கேட்டால் "நீ என்ன நினைக்கிறாய்?" என்பேன். முதல் கிழமை ஒருவரும் புள்ளி வைக்கமாட்டார்கள், அல்லது எல்லாக் கணக்கிலும் வைப்பார்கள். இரண்டாம் கிழமையில் சிலர் அழுவார்கள். எனக்கு ஒருத்தி அழுதாள். மூன்றாம் கிழமை அளவில் ஒரு மாற்றம் வரும். புள்ளி வைத்த பிள்ளை வரிசைக்கு வராமல் இருந்த இடத்திலேயே அழிறப்பரை எடுக்கும். சந்தேகம் வந்ததும் தானே கூட்டிப் பார்த்துவிட்டது. புள்ளி பிழையான இடத்தில் இருந்தால் அதுவும் பயன்தான்: பிழை விட்ட இடத்தில் சந்தேகமே வராத பிள்ளைக்கும், பிழையை மணந்து பிடித்துத் திருத்த வழி தெரியாத பிள்ளைக்கும் நீங்கள் கொடுக்கும் உதவி வேறு வேறு. சிவப்புப் பேனாவால் திருத்தினால் இரண்டு கொப்பியும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

விட்ட பொறுப்பைத் திருப்பி எடுக்கவும் தயங்க வேண்டாம். விடுமுறை முடிந்து வந்த முதல் கிழமை, புது அலகு, மூன்றிலக்கக் கழித்தல், எல்லாவற்றுக்கும் திரும்ப "நான்" இலிருந்துதான். கணக்கில் தனியாக ஓடும் பிள்ளை கட்டுரையில் கையைப் பிடிக்கச் சொல்லும். விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது அரிசியில் விரலைப் பிடித்து எழுதுவிக்கிறோம், மறுநாள் விடுகிறோம், "ஈ" வந்ததும் திரும்பப் பிடிக்கிறோம். அதை ஒருவரும் பின்னடைவு என்று சொல்வதில்லை.

தரம் 1, 2 ஆசிரியர்கள் கேட்டால்: அங்கே விளையாட்டும் செயற்பாடும் முன்னுக்கு நிற்பதால் தீர்மானம் கொடுப்பது உண்மையில் இலேசு. எந்தப் பொருளால் எண்ணுவது, யாரோடு இருப்பது, எப்போது முடிந்தது. கொப்பி பகிர்வதையும் பலகை துடைப்பதையும் "பொறுப்புகள்" என்று சுவரில் ஒட்டிவிட்டு அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

வீடு ஒரு தனிக் கதை. நம்மிடம் அழகான ஒரு சொல் இருக்கிறது, ஒப்படை. பிள்ளையிடம் ஒப்படைக்கும் வேலை. நடைமுறையில் அதை ஒப்படைப்பது அம்மாவிடம். இரவு பத்து மணிக்கு ரெஜிபோம் வெட்டுகிற அப்பாமாரையும் எனக்குத் தெரியும். அடுத்தது ரியூசன், வகுப்பில் இரண்டு நாள் யோசிக்கவிட்ட கணக்கின் விடையை அங்கே இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். ரியூசனோடு சண்டை பிடித்துப் பயனில்லை. ஒப்படைகளை வகுப்புக்குள்ளேயே செய்வியுங்கள், வீட்டுக்கு வாசிப்பை மட்டும் அனுப்புங்கள்.

பெற்றோர் கொப்பியைத் திறந்து சிவப்புச் "சரி"யை எண்ணுவார்கள். புள்ளி முறை தொடங்கிய மாதம் என்னிடம் இரண்டு தாய்மார் வந்து, "ரீச்சர் இப்ப திருத்திறேல்லையோ?" என்று கேட்டார்கள். அடுத்த கூட்டத்தில் ஒரு பிள்ளையைக் கொண்டே, தன் கொப்பியில் எங்கே சந்தேகப்பட்டது, எப்படித் திருத்தியது என்று சொல்லச் செய்தேன். என் விளக்கத்தை விட அது எடுபட்டது. அதிபரிடமும் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கொப்பித் திருத்தம் பார்க்க வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வருபவர்களுக்காக, கிழமைக்கு ஒரு வேலையை முழுமையாகச் சிவப்பில் திருத்தி, திகதியும் கையெழுத்தும் போட்டு வையுங்கள். மற்ற நாட்களில் பென்சில் புள்ளி. இரண்டும் ஒரே கொப்பியில் இருக்கலாம்.

திங்கட்கிழமை முழு வகுப்பையும் மாற்றப் போகாதீர்கள். கணிதம் மட்டும், கழித்தல் மட்டும். அதில் முதலில் "கட்டை அவிழ்க்க வேணுமோ, வேண்டாமோ?" என்ற ஒரு தீர்மானம் மட்டும்.